உங்களுக்குத் தெரியுமா? ஒரு முறை இறக்கினால் போதும்!

ஓர் அலுவலகத்தில் ஒரே மாடல் ஐபோன் 40 பேரிடம் இருக்கிறது. 5 ஜிபி அப்டேட் வருகிறது. ஆளாளுக்கு இறக்கினால் 200 ஜிபி காலி. இணையம் திணறி, வீடியோ மீட்டிங்கில் முகங்கள் அப்படியே உறைந்து நிற்கும். மூலையில் சும்மா கிடக்கும் ஒரு மேக் கணினி இதைத் தடுக்கும். 2017-இல் வந்த மேக்ஓஎஸ் ஹை சியராவிலிருந்து 'கன்டென்ட் கேச்சிங்' வசதி மேக்கிலேயே உண்டு. அதற்குமுன் தனி சர்வர் மென்பொருள் வாங்க வேண்டியிருந்தது. ஷேரிங் அமைப்பில் இந்த வசதியை இயக்கிவிட்டால், முதல் போன் கேட்கும்போதே மேக் ஒரு நகலைத் தன் டிஸ்க்கில் எடுத்துவைத்துக்கொள்ளும். மற்ற போன்களுக்கு அலுவலக நெட்வொர்க்குக்குள்ளேயே பட்டுவாடா! போன்களில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மேக்கை மட்டும் வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள், ஸ்லீப்புக்கும் போகவிடாதீர்கள். யூடியூப் பிரியர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: இது ஆப்பிள் சமாச்சாரங்களுக்கு மட்டும்தான்.