வகுப்பறை விவாதத்திலிருந்து சட்டம் வரை

வகுப்பறை விவாதம் பெரும்பாலும் மணி அடித்ததும் முடிந்துவிடும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ஹைட்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளியில் 2015இல் எழுந்த விவாதம் அப்படி முடியவில்லை. குடிசார் உரிமை இயக்கக் காலத்தில் கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட பல வழக்குகள் ஏன் இன்னும் துலங்கவில்லை என்பதே அரசியல் பாட மாணவர்களின் கேள்வி.

அவர்கள் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் அரசு ஆவணங்களைக் கேட்டனர். பதில் தாமதமானது, வந்த பக்கங்களிலும் வரிகள் மறைக்கப்பட்டிருந்தன. எனவே ஆசிரியர் வழிகாட்ட, சட்ட முன்வடிவு ஒன்றைத் தாங்களே எழுதினர். கென்னடி கொலை தொடர்பான ஆவணங்களுக்காக 1992இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு முன்மாதிரி. ஏற்கெனவே பலன் தந்த வழியைத் தேடிப் பிடித்ததுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

பின்னர் வாஷிங்டன் சென்று, நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டினர். ஒரு வகுப்பு படிப்பை முடித்துச் செல்ல, அடுத்த வகுப்பு பணியைத் தொடர்ந்தது. செனட்டில் டக் ஜோன்ஸ் முன்மொழிந்த மசோதா 2019 ஜனவரியில் சட்டமானது. 1940 முதல் 1979 வரையிலான இத்தகைய வழக்குகளின் ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் திரட்டி வெளியிட அது வழிசெய்கிறது. ஆவணங்களைப் பரிசீலிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களுக்கு செனட் ஒப்புதல் தந்ததோ 2022இல்தான். முதலில் கேள்வி எழுப்பிய மாணவர்கள் அதற்குள் பள்ளியை விட்டுச் சென்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன.