ஹைட்ரஜன் (சொல்)

ஹைட்ரஜன் என்பது அணு எண் 1 கொண்ட தனிமத்தின் பெயர் ஆகும். 'நீரை உண்டாக்குவது' என்பது இச்சொல்லின் பொருள். தமிழில் இது ஐதரசன், நீரியம், நீரகம், நீர்வாயு எனப் பலவாறு எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை தனிமத்தின் பண்புகளை விரிவாகக் கூறாமல், அப்பெயரின் பொருளையும் வழக்கையும் விளக்குகிறது. கொதிகலன் உற்பத்தியும் பற்றவைப்புத் தொழிலும் செறிந்த திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் இச்சொல் பாடநூலைத் தாண்டித் தொழிற்சொல்லாகவும் வழங்குவதால், எடுத்துக்காட்டுகள் சில அங்கிருந்து தரப்படுகின்றன.

பெயர்க்காரணம்

1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் இவ்வளிமத்தைத் தனியாகச் சேகரித்து ஆராய்ந்தபோது, இதனை 'எரியும் காற்று' என்றே குறிப்பிட்டார். இது எரிந்தால் நீர் உண்டாகிறது என்பதும், எனவே நீர் ஒரு சேர்மம் என்பதும் 1780களில் தெளிவாயின. பிரான்சின் இலவாசியே இக்கண்டுபிடிப்பையே பெயராக்கினார். கிரேக்கத்தில் 'ஹைடோர்' என்றால் நீர். அதனுடன் 'பிறப்பிப்பது' என்ற கருத்தில் ஓர் ஈற்றைச் சேர்த்தார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1787இல் வெளியிட்ட வேதியியல் பெயரிடல் நூலின் வழியாக இப்பெயர் பரவியது. கிரேக்கத்தில் அவ்வீறு பெரும்பாலும் 'பிறந்தது' என்ற பொருளிலேயே வரும். அவ்வாறு கொண்டால் 'நீரில் பிறந்தது' என்றாகும். நீரிலிருந்தும் ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கலாம் என்பதால் அதுவும் பிழையன்று.

நீர் பகுக்க முடியாத முதற்பொருள் என்ற பழைய கருத்து இப்பெயரோடு முடிவுக்கு வந்தது எனலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் உள்ள திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயில், ஐம்பூதத் தலங்களுள் நீருக்கு உரியது. (இயற்பியலாளர் ச. வெ. இராமன் 1888இல் பிறந்த ஊரும் இதுவே.) பூதம் என்ற சொல்லையும் தனிமம் என்ற சொல்லையும் மாணவர் ஒன்றாகக் கொள்ளுதல் கூடாது. முன்னது உலகை வகைப்படுத்தும் மெய்யியல் கருத்து. பின்னது ஒரே வகை அணுக்களால் ஆன பொருள். நீர் முன்னதில் அடங்கும், பின்னதில் அடங்காது.

தமிழ் வடிவங்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஹைட்ரஜன் என எழுதுகின்றன. இலங்கைப் பாடநூல்கள் கிரந்த எழுத்துகளை விலக்கி ஐதரசன் என்கின்றன. இரண்டும் ஒலிபெயர்ப்புகளே. நீரியம், நீரகம் என்பன பொருள்வழி ஆக்கங்கள். செருமானியரும் யப்பானியரும் இத்தகைய பொருள்வழிப் பெயரையே வழங்குகின்றனர். இரு மொழிகளிலும் அப்பெயர் நீரைக் குறிக்கும் சொல்லில் தொடங்குகிறது.

தமிழில் அறிவியற் சொல்லாக்க முயற்சிகள் பழமையானவை. 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் இதற்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மறுபுறம், திருவரங்கத்தில் வளர்ந்து திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா (1935–2008), தம் அறிவியற் கட்டுரைகளில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தாராளமாகக் கையாண்டார்.

நீரியம் என்பது கேட்ட அளவிலேயே பொருள் உணர்த்தும். எனினும் சோடியம், கால்சியம் போன்ற உலோகப் பெயர்களின் ஒலி அதில் படிந்துள்ளது, ஹைட்ரஜனோ அலோகம். மேலும் ஹைட்ராக்சைடு, ஹைட்ரோகார்பன் என விரியும் சேர்மப் பெயர்கள் அனைத்தையும் உடன் மாற்ற வேண்டிவரும். தமிழ்நாட்டில் பொருள்வழிப் பெயர் வேரூன்றாமைக்கு இதுவே வலுவான தடை எனலாம்.

தொழிற்கூட வழக்கு

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்குப் பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் 1975இல் நிறுவப்பட்டது. இத்தொழிலில் 'ஹைட்ரோ டெஸ்ட்', 'லோ ஹைட்ரஜன் ராடு' என்ற இரு தொடர்கள் வழங்குகின்றன. முன்னதில் ஹைட்ரஜனுக்கு இடமில்லை. குழாயிலோ கலத்திலோ நீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றிச் சோதிப்பதே அது. இங்கு 'ஹைட்ரோ' என்பது நீரை மட்டும் குறிக்கும்.

பின்னது, பூச்சில் ஈரம் மிகக் குறைவாக உள்ள மின்வாய்க் கம்பி. மின்வில்லின் வெப்பத்தில் ஈரம் சிதைந்து ஹைட்ரஜன் அணுக்கள் உருகிய எஃகில் கரைகின்றன. எஃகு குளிரும்போது கரைதிறன் குறைய, சிக்கிக்கொண்ட அணுக்கள் பற்றவைப்பை ஒட்டிய கடினமான பகுதியில் சேர்ந்து விரிசலை உண்டாக்கும். இவ்விரிசல் உடனே தோன்றுவதில்லை. சில மணி நேரமோ, ஓரிரு நாட்களோ கழித்துத் தோன்றக்கூடும் என்பதே இதன் ஆபத்து. அன்று மாலை பழுதற்றதாகக் காணப்பட்ட இணைப்பு மறுநாள் உடைந்திருக்கலாம். ஆகவே சில வகை எஃகுகளில் இறுதிச் சோதனையை 48 மணி நேரம் தாமதித்துச் செய்வர்.

7018 எனப்படும் கம்பி இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. ஈரம் ஏறிய கம்பியை ஏறத்தாழ 260 முதல் 430 பாகை செல்சியசு வெப்பத்தில் அடுப்பிலிட்டு உலர்த்துவர். கம்பியின் பெயருக்குப் பின் 4, 8, 16 என்ற எண்களுள் ஒன்று வருமாயின், அது 100 கிராம் பற்றவைப்பு உலோகத்தில் எத்தனை மில்லிலீட்டர் ஹைட்ரஜன் வரை இருக்கலாம் என்பதைக் காட்டும். கம்பியை ஏன் சூடேற்ற வேண்டும் என்று கேட்கும் பயிற்சியாளருக்கு 'ஹைட்ரஜன்' என்ற ஒலி விடை தருவதில்லை. 'நீரில் பிறந்தது' என்ற பொருள் தருகிறது.

அண்மைக்கால வழக்கு

2023 சனவரியில் இந்திய அரசு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்த பின், 'பசுமை ஹைட்ரஜன்' என்ற தொடர் செய்தித்தாள்களில் மிகுந்தது. ஹைட்ரஜன் நிறமற்றது, இந்நிறப்பெயர் அதன் தயாரிப்பு முறையைச் சுட்டுவது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெறுவது பசுமை. இயற்கை எரிவளியிலிருந்து, வெளிப்படும் கரியமில வாயுவைப் பிடிக்காமல் பெறுவது சாம்பல்.