சக்கிமுக்கித் துப்பாக்கியைத் தெரிந்தெடுத்தல்

அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த பென்சில்வேனியாவில், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர், தம் தாய்நாட்டு வேட்டைத் துப்பாக்கியின் குழலை நீட்டியும் ஒடுக்கியும் நெடுங்குழல் ரைபிளை ஆக்கினர். அஃது அங்கு இன்றும் வழக்கொழிந்திலது. 1974-ஆம் ஆண்டில், சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் துப்பாக்கிகளுக்கென்றே மான் வேட்டைப் பருவமொன்று அம்மாநிலத்தில் ஏற்படுத்தப்பட்டது. அத்தகைய துப்பாக்கியை வாங்குவோன் எவற்றை நோக்கித் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இத்துப்பாக்கியில் மருந்தையும் ஈயவுருண்டையையும் குழலின் வாய்வழியே இட்டுக் கோலாற் கெட்டிக்க வேண்டும். அதனை மீண்டும் கெட்டித்து முடிக்குமுன் மான் காட்டினுள் மறைந்துவிடும். ஆகவே, வேடனுக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரே வெடி. அது பிழைப்பின், புண்பட்ட விலங்கு நெடுநேரம் துன்புற்று மடியும். எனவே, துப்பாக்கியைத் தெரிந்தெடுத்தல் அழகைப்பற்றிய செய்தியன்று, உயிரைப்பற்றிய கடமையேயாம்.

முதலில் நோக்கத்தக்கது, பூட்டு எனப்படும் தீமூட்டும் உறுப்பு. குதிரையின் வாய் கவ்விய கல் எஃகுத் தகட்டின்மேல் மோதி அதனைச் சீவ, எஃகின் நுண்துகள்கள் கனன்று கீழுள்ள சிறு கிண்ணத்தில் வீழ்கின்றன. அதிலுள்ள மருந்து பற்றியெரிய, அத்தீ குழலின் பக்கத்துச் சிறு துளைவழியே உட்சென்று உள்மருந்தைக் கொளுத்துகின்றது. இதில் தாமதம் நேரின் குறி தவறும். கிண்ணம் மட்டும் எரிந்து, குழல் வெடியாதிருத்தலும் உண்டு. ஆதலின், மருந்திடாத துப்பாக்கியை இருளிற் பலமுறை இயக்கி, ஒவ்வொரு முறையும் பொறிகள் செறிந்து கிண்ணத்துள்ளேயே வீழ்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பூட்டுப் பழுதான சித்திர வேலைத் துப்பாக்கியினும், நற்பூட்டு அமைந்த எளிய துப்பாக்கியே சிறந்தது.

இரண்டாவது குழல். ·50 அங்குலக் குழலுக்குரிய உருண்டை ஏறக்குறைய 11½ கிராமும், ·54 அங்குலக் குழலுக்குரியது ஏறக்குறைய 14½ கிராமும் எடையுள்ளன. மானுக்கு முன்னது போதும். அதனினும் பெரிய விலங்குக்குப் பின்னது தக்கது. குழலின் உட்புறத்துச் சுழல்வரிகள் உருண்டையைச் சுழற்றி நேரே செலுத்துகின்றன. துணியிற் பொதிந்த உருண்டைக்கு, 60 அல்லது 70 அங்குல நீளத்தில் ஒருமுறை சுற்றும் வரி ஏற்றது. நீண்ட குண்டுகளுக்கே அதனினும் விரைந்து சுற்றும் வரி வேண்டும். பழைய குழலாயின், துருவும் வெடிப்பும் உண்டோவென்று தேர்ந்த கொல்லனைக்கொண்டு சோதிப்பித்தல் இன்றியமையாதது.

மூன்றாவது உடற்பொருத்தம். 40 அங்குலத்திற்கு மேற்பட்ட குழல் குறிவைக்கும்போது அசையாது நிற்கும். ஆயின், அடர்ந்த புதர்களில் இடர் விளைக்கும். இடக்கையாற் சுடுவோர்க்கு இடப்புறம் பூட்டமைந்ததே நலம். இன்றேல் கிண்ணத்தின் சுவாலை முகத்தருகே எழும்.

இனி மருந்து. உண்மையான கருமருந்தே இதற்குரியது. அதற்கு மாற்றாக விற்கப்படுவன தீப்பற்ற மிகுந்த வெப்பம் வேண்டுவனவாதலின், சக்கிமுக்கிப் பொறிக்கு எளிதில் இணங்கா.

இவையனைத்தும் நன்கமைந்த துப்பாக்கியும், தொலைவு மிகுமாயின் பயன்படாது. 100 கெஜத்திற்கு அப்பால் உருண்டையின் வேகம் பெரிதும் குன்றிவிடும். அணுகிச் செல்லும் பொறுமையும், ஐயம் தோன்றியவிடத்துச் சுடாது விடும் மனத்திண்மையும் இல்லாதான், எத்துணைச் சிறந்த துப்பாக்கியை விலைகொடுத்து வாங்கினும் நல்ல வேடனாகான்.