தேமலா... வேற ஏதாவதா?

கட்டுமாவடி மாதிரி கடலோர ஊரில் உடம்பில் ஒரு திட்டு தெரிஞ்சா போதும். 'உப்புக் காத்து... தானா போயிடும்' என்பார் ஒருத்தர். 'மெடிக்கல்ல ஒரு களிம்பு கேட்டு வாங்கித் தடவு' என்பார் இன்னொருத்தர். ஃபீஸ் வாங்காத டாக்டர்கள்!

அந்தக் களிம்பில்தான் வில்லங்கம். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். படர்தாமரையில் தடவினால் அரிப்பு அடங்கும்; பூஞ்சையோ ஜோராகப் பரவும். 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவே போட்டது.

அரிக்கிற திட்டாவது நம்மை டாக்டரிடம் துரத்தும். அரிக்காமல், வலிக்காமல், தொட்டாலும் உணர்ச்சியில்லாமல், வெளிறியோ சிவந்தோ இருக்கிற திட்டுதான் உஷார்! தொழுநோயாக இருக்கலாம்.

அதற்காக இடிந்து போக வேண்டாம். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். வகையைப் பொறுத்து 6 மாசமோ, 12 மாசமோ சாப்பிட்டால் குணம். சிறுநீர் சிவப்பாகப் போகலாம். ரத்தமில்லை, மாத்திரையின் நிறம். தோலும் கொஞ்சம் கறுக்கலாம், பிறகு தெளிந்துவிடும். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றாது. தள்ளிப் போட்டால்தான் நரம்பு கெட்டு விரல் மடங்கும்.

மேல் பரிசோதனைக்கு அறந்தாங்கி அரசு ஆஸ்பத்திரி. 2017-ல் திறந்த புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோமே... அந்தக் கவனத்தில் பாதியை நம்ம முதுகுக்கும் கொடுக்கலாமே!