'மூணு கோடு தெரியுதாப்பா?' - ஊருக்கு ஸ்கிரீன்காஸ்ட் எடுத்து அனுப்புவது எப்படி?

சம்பா அறுவடை முடிந்து, குடவாசல் பக்கம் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமென்றால், முதலில் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, நில விவரம் எல்லாம் கேட்கும். ஊரில் இருக்கும் அப்பா, சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு ஃபோன் போடுவார். "மேல மூணு கோடு தெரியுதாப்பா?" "எந்தக் கோடுடா?" இப்படியே அரை மணி நேரம் ஓடும்.

திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்து, கூடவே பேசி விளக்கும் வீடியோதான் ஸ்கிரீன்காஸ்ட். ஜான் உடெல் என்ற அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் 2004-ல் வாசகர்களிடம் கேட்டு வாங்கிய பெயர் இது. ஐஃபோனில் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதலும், ஆண்ட்ராய்டில் 2020-ல் வந்த 11-வது பதிப்பு முதலும் இந்த வசதி கூடவே வருகிறது. கணினிக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ இருக்கிறது, இலவசம்.

எடுப்பது சுலபம். புரிய வைப்பதுதான் கஷ்டம். தெரிந்தவர் கை தெரிந்த வேகத்தில் ஓடிவிடும்.

இதற்கு ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' நல்ல பாடம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னெடுத்த இந்தத் திட்டத்தில், ஒவ்வொரு வீடியோவும் சுமார் 10 நிமிடம்தான். எடுத்தவுடன் ரெக்கார்ட் பட்டனை அமுக்க மாட்டார்கள். முதலில் ஸ்கிரிப்ட். ஒரு பக்கம் திரையில் என்ன தெரியும், மறுபக்கம் என்ன பேச வேண்டும் என்று இரண்டு கட்டமாக எழுதுவார்கள். அந்த மென்பொருளே தெரியாத ஒருவர் அதைப் படித்துச் செய்து பார்ப்பார். அவர் தடுமாறும் இடம் திருத்தப்படும். பிறகுதான் பதிவு.

இன்னொரு விஷயம்: தமிழ் உட்பட பல மொழிகளுக்கு மாறுவது குரல் மட்டுமே, திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். வேலைக்குப் போகிற இடத்தில் திரை அப்படித்தானே இருக்கப்போகிறது! பார்ப்பவர் திரையின் ஒரு பாதியில் வீடியோவையும் மறுபாதியில் மென்பொருளையும் வைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டும்.

அப்பாவிடம் இருப்பதோ ஒரே ஒரு ஃபோன். பார்க்கவும் அதுதான், பதியவும் அதுதான். அதனால் ஒரே நீள வீடியோ வேண்டாம். ஒரு படிக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று வெட்டி அனுப்பலாம். 'இங்க அமுக்குங்க' என்பதை விட, 'கீழே பச்சைப் பட்டன்' என்பது மேல்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. பதியும்போது ஆதார் எண்ணோ, மேலே எட்டிப்பார்க்கும் ஓடிபியோ வீடியோவில் விழுந்தால், வாட்ஸ்அப் குழுவில் ஊர் முழுக்கப் போய்விடும். 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். விவரம் நிரப்பும் கட்டம் வந்ததும் பதிவை நிறுத்திவிடுங்கள். வங்கி ஆப்கள் பல, பதிவில் கறுப்பாகவே தெரியும். அது ஃபோன் கோளாறு இல்லை, பாதுகாப்புக்காக ஆப் செய்யும் வேலை.

எடுத்த தேதியை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இணையதளம் மாறியிருந்தால், போன வருஷ வீடியோவைப் பார்த்து இல்லாத பட்டனைத் தேடும் அவஸ்தை மிச்சம்.