திரையிற் கண்ட பேரரசு

வீரசாகசப் படங்களை வெறும் பொழுதுபோக்கென்று கொள்வது பொதுவழக்கு. எனினும், பேரரசாட்சியைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறியதினும் இப்படங்கள் காட்டியதே பலர் உள்ளத்திற் பதிந்துள்ளது.

1939ஆம் ஆண்டு ஜோர்ஜ் ஸ்டீவன்சின் நெறியாள்கையில் வெளிவந்த 'கங்கா தீன்' கிப்ளிங்கின் கவிதையொன்றைத் தழுவியது. இந்தியாவின் வடமேற்கெல்லையெனக் காட்டப்படும் மலைகள் கலிபோர்னியாவில் உள்ளவை. தண்ணீர் சுமக்கும் கங்கா தீனாக நடித்தவரும் ஓர் அமெரிக்கரே. ஆங்கிலப் படைவீரர் மூவர் தக்கர் கூட்டத்தை எதிர்ப்பதே கதை. ஆங்கிலப் படையைக் காக்கக் கொம்பூதி உயிர்துறக்கும் இந்தியன் நல்லவன். தன் நாட்டின்பொருட்டு உயிர்விடும் தக்கர் தலைவனோ கொடியவன். அவ்வாட்சி எதற்காக வந்தது, யார் பொருளைக் கொண்டு நடந்தது என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை. வங்காளத்திலும் பம்பாயிலும் இப்படம் தடைசெய்யப்பட்டதில் வியப்பில்லை.

தக்கர் வெறுங் கற்பனையல்லர். வழிப்போக்கரைக் கழுத்து நெரித்துக் கொன்று பொருள் கவர்ந்த கொள்ளையர் இருந்தனர். 1830களில் ஸ்லீமன் என்னும் அதிகாரியின் முயற்சியால் ஒடுக்கவும்பட்டனர். ஆயினும் ஒடுக்கிய முறையும் நோக்கற்பாலது. 1836ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டப்படி, ஒருவன் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனென்று நிறுவப்பட்டாலே ஆயுட்சிறை விதிக்கலாம். அதற்குச் சான்றோ, பெரும்பாலும், அரசின் பக்கம் மாறிய கைதிகளின் வாக்குமூலம். தக்கரைக் காளியின் பெயராற் கொலைபுரியும் சமயக் குழுவாகக் கொள்ளலாமா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். திரைப்படத்துக்கு இவ்வையம் எழுவதேயில்லை.

ஸ்பீல்பேர்க்கின் இந்தியானா ஜோன்ஸ் வரிசையில் 1984இல் வந்த இரண்டாம் படத்திலும் அதே தக்கர் மீண்டும் தோன்றினர். கதையை இந்திய அரசு ஏற்காமையால், வெளிப்புறக் காட்சிகள் கண்டிப் பகுதியிற் படமாக்கப்பட்டன. ஆகவே அப்படத்தின் இந்தியக் கிராமத்தார் சிங்களம் பேசுகின்றனர்! வேற்று நாட்டார்க்கு இது தெரியப்போவதில்லை என்பதே தயாரிப்பாளரின் துணிவு போலும். படமாக்கிய திறனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால், காளியின் திருமுன் பூசாரி உயிருள்ளவனின் இதயத்தைக் கையாற் பிடுங்கும் சடங்கு சாக்த வழிபாட்டிலும் இல்லை. தக்கர் வரலாற்றிலும் இல்லை.

கதை நிகழும் ஆண்டு 1935. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து ஐந்தாண்டு கழிந்திருந்தது. இந்திய அரசாங்கச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேயே. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒடுங்கிய தக்கர் திரையில் உலவ, விடுதலை இயக்கத்தார் ஒருவரேனும் அங்குத் தென்படார். அடிமைப்பட்ட குழந்தைகளை மீட்பவன் ஓர் அமெரிக்கன். இறுதியில் துப்பாக்கிகளுடன் வந்து அவனுக்குத் துணைநிற்பது, ஆங்கிலத் தளபதி ஒருவனின் கீழ் அணிவகுத்த இந்தியச் சிப்பாய்களின் படை.