மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்

1990களில் நிலவிய பொருளாதாரத் தடையினால் கிளிநொச்சி உள்ளிட்ட வன்னிப் பெருநிலப்பரப்பில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஆயினும் மோட்டார் சைக்கிள்கள் ஓய்ந்துவிடவில்லை. நம்மவர் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினர்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. எனவே காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாறினர். இதனால் எஞ்சினுக்கு நேர்ந்த கேடு சிறிதன்று. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் கரியைப் படியச் செய்தது. பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்தது. பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைப்பதும் ஒயிலைக் காலந்தாழ்த்தாது மாற்றுவதும் இன்றியமையாதனவாயின.

2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் இத்தேவை தணிந்தது. 2022 இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு நிலவி, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் என வரையறுக்கப்பட்டபோது, தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமின்றி அனைவரும் வரிசையில் நின்றனர். வன்னி மக்களுக்கோ அத்தட்டுப்பாடு புதியதன்று.

அக்காலத்தில் இவ்வாகனங்களைத் திருத்திக் கொடுத்தோர் இன்று முதுமையெய்தி வருகின்றனர். அவர்களது கைத்திறனை, அவர்கள் நம்மிடையே உள்ளபோதே கேட்டறிந்து எழுத்திற் பதிவது நமது கடனாகும்.